அருந்ததியும் அந்த ஆறு பேரும்

கல்யாண மண்டபத்து வாசலில் காலை பத்து மணிக்கு அருந்ததி பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அதாவது, எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். போன தை மாதம் பெரியப்பா மகள் கல்யாணம். அம்மி மிதித்து மெட்டி போட்ட கையோடு ஐயர் பொண்ணு மாப்பிள்ளையை வாசலுக்குக் கூட்டி வந்தார். தென்கிழக்கில் இருந்த தண்ணீர் டேங்க் பக்கம் கையை நீட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். அக்கா "தெரியுது" என்றாள். மாப்பிள்ளை கூலிங் கிளாஸைக் கழற்றாமலே "தெரியுது" என்றார். போட்டோகிராபர் ஒருத்தர்தான் நேர்மையான மனிதர். "சார், இன்னொரு தடவை கையைத் தூக்குங்க, சரியா விழல" என்றார் :-)

சும்மா இருக்க முடியாமல் செல்போனில் வானம் காட்டும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். அருந்ததி அந்த நேரத்தில் நிஜமாகவே வானத்தில்தான் இருந்தது. ஆனால் வடமேற்கில், சமையல்கட்டுப் பக்கம், ரொம்பத் தாழ்வாக. வெயில் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம். பழைய முறைப்படி இது இரவில் செய்ய வேண்டிய சடங்கு. மண்டபம் மதியம் இரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டிய காலத்தில் அருந்ததியும் காலை ஷிப்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போது ஆரத்தி எடுக்க சுமங்கலிகளை முன்னால் வரச் சொன்னார்கள். என் அத்தை, அப்பாவின் தங்கை, யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போய் ஒரு தூணை ஒட்டி நின்றாள். எங்கள் குடும்பத்தில் இருட்டில் விரல் நீட்டி அருந்ததியைக் காட்டத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த இரண்டடி. (அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, பேரு மட்டும் போடாத" என்றாள்.)

எங்கள் ஊர் மதுரைக்குப் பக்கம். 2012-இல் தமிழ்நாடு முழுக்கக் கரண்ட் கட் ஆகி, சென்னையைத் தாண்டிய ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நான் ரகசியமாக சந்தோஷப்பட்டேன். ஏனென்றால் கரண்ட் போனால் மொட்டை மாடி. மொட்டை மாடி என்றால் பாய், பனையோலை விசிறி, அத்தை, கதை. அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் அத்தைதான். அதற்கு முந்தின வருஷம்தான் அவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள்.

திரும்பி வந்த கதையை நீட்ட வேண்டாம். சந்தேகம். யாரோ எதையோ சொன்னார்கள். இரண்டு தடவை பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கடைசியில் சொன்ன ஆளே வந்து, தான் சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டார். அப்படியும் அந்த வீட்டிலிருந்து கூப்பிட ஆள் வரவில்லை. அத்தை ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

சரி, வானத்துக்கு வருவோம்.

அத்தைக்கு ஒளியாண்டு என்றால் என்னவென்று தெரியாது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது தாத்தா. அவர் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர். எந்த நட்சத்திரம் எங்கே வந்தால் என்ன நேரம் என்று அவருக்கு அத்துப்படி. ஆனால் மகளுக்கு அவர் கணக்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை, கதையாகத்தான் சொன்னார். அதுதான் ஒட்டிக்கொண்டது. என்னிடம் யாராவது "உர்சா மேஜர், ஓரியன்" என்று ஆரம்பித்திருந்தால் அந்தப் பாயிலேயே தூங்கியிருப்பேன்.

வடக்கே திரும்பிக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால், ஒரு முஷ்டி உயரத்தில் மங்கலாக ஒன்று தெரியும். துருவன். மதுரை பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே இருப்பதால் துருவனும் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்பான். அப்பா மடியில் இடம் கிடைக்காத பையன் கதை எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். அவனுக்கு மேலே கோடை காலத்து இரவுகளில் ஏழு நட்சத்திரங்கள், நாலு ஒரு கட்டமாக, மூன்று ஒரு வாலாக. சப்தரிஷிகள். வாலின் நுனியிலிருந்து இரண்டாவது ஆள் வசிஷ்டர். அவரை உற்றுப் பார்த்தால் அவரை ஒட்டிப் பொடியாக இன்னொன்று. அதுதான் அருந்ததி.

பொடியான நட்சத்திரத்தை எடுத்த எடுப்பில் யாருக்கும் காட்ட முடியாது. முதலில் பக்கத்தில் இருக்கும் பெரியதைக் காட்டி "இதுதான் அருந்ததி" என்று சொல்ல வேண்டும். கண் அங்கே நிலைத்த பிறகு, "இல்லை, அதை ஒட்டி இருக்கிறதே, அந்தச் சின்னது" என்று நகர்த்த வேண்டும். தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு அருந்ததி நியாயம் என்றே பெயர். எனக்கு அத்தை கதைகள் இப்படித்தான் வேலை செய்தன. கதையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கண் நட்சத்திரத்துக்குப் போய்விட்டது.

"எல்லாம் கட்டுக்கதை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சம்பவம். 2020 ஜனவரியில் ஒரு ராத்திரி துணி எடுக்க மாடிக்குப் போன அத்தை அங்கிருந்தே கத்தினாள்: "பாப்பா, திருவாதிரை ஏன் மங்குனாப்ல இருக்கு?" சிவனுடைய நட்சத்திரம், சிவப்பாக நெருப்புத் துண்டு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. மேகம் இருக்கும் என்று நான் சொன்னேன். அப்புறம் செய்தியில் வருகிறது, 2019 கடைசியிலிருந்து திருவாதிரை நிஜமாகவே மங்கிக்கொண்டிருக்கிறது என்று. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டுப் பிறகு தேறியது. அந்த நட்சத்திரமே வெளியே தள்ளிய பொருள் குளிர்ந்து தூசியாகி முன்னால் மறைத்தது என்று விஞ்ஞானிகள் பின்னால் விளக்கினார்கள். தொலைநோக்கி இல்லாமல், நியூஸ் பார்க்காமல், தையல்காரம்மா ஒருத்தி கண்டுபிடித்தாள் என்றால், அந்தச் சிவப்புக்கு ஒரு கதை இருந்ததால்தான்.

ரோகிணி கதையும் அப்படித்தான். சந்திரனுக்கு 27 மனைவிகள், அவனுக்கு ரோகிணி மேல் மட்டும் ஆசை, மாமனார் தட்சன் தேய்ந்து போ என்று சபித்தான். மாடிக்குப் போய்ப் பாருங்கள், நிலா மாதம் ஒரு தடவை ரோகிணி பக்கம் வரும். சில வருஷங்களில் அவளை முழுதாக மறைத்தே விடும். 2015 முதல் 2018 வரை மாதா மாதம் பூமியின் ஏதோ ஒரு பகுதியிலிருந்து பார்த்தால் அப்படி மறைத்துக்கொண்டிருந்தது. பார்த்தவன்தான் கதை கட்டியிருக்கிறான். பார்க்காதவனுக்கு இந்தக் கதை தோன்றாது.

இப்போது அந்த ஆறு பேர்.

கார்த்திகை. கார்த்திகை மாதம் பொழுது சாய்ந்ததும் கிழக்கே ஒரு சின்னக் கொத்து தெரியும். நல்ல கண்ணுக்கு ஆறு. பழைய தமிழில் மீன் என்றால் நட்சத்திரம், மின்னுவதால் மீன். இதற்கு அறுமீன் என்று பெயர், ஆரல் என்றும் சொல்வார்கள். அருந்ததிக்கு வடமீன், சாலி. சிந்து சமவெளி முத்திரைகளில் மீன் குறிக்குப் பக்கத்தில் ஆறு கோடு வந்தால் அது அறுமீன், ஏழு கோடு வந்தால் எழுமீன், அதாவது சப்தரிஷி, என்பது ஃபின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலாவின் யூகம். அந்த எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை, அதனால் யூகம்தான். ஆனாலும் நினைக்க நன்றாக இருக்கிறது.

ஜப்பானில் இதே கொத்துக்கு சுபாரு என்று பெயர். கார் கம்பெனி சின்னத்தில் ஆறு நட்சத்திரம் இருக்கிறதே, அதுதான். 1953-இல் ஐந்து கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆனது, அதனால் பெரியது ஒன்று, சின்னது ஐந்து. அமால்கமேஷன் பாடத்துக்கு இதை உதாரணமாக எழுதலாம் என்று நினைத்தேன். மார்க் போட மாட்டார்கள்.

அத்தை சொன்னது கந்தபுராணக் கதை. சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து ஆறு பொறி, சரவணப் பொய்கையில் ஆறு குழந்தை, ஆறு கார்த்திகைப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பாலூட்டினார்கள். பிறகு பார்வதி வந்து ஆறையும் சேர்த்து அணைக்க, ஆறுமுகன். வளர்த்ததற்காக அவர்களை வானத்தில் வைத்தார்கள். யார் அந்த ஆறு பெண்கள், அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்று நானும் கேட்டதில்லை, அத்தையும் சொன்னதில்லை.

காலேஜ் வந்த பிறகு ஒரு நாள் மகாபாரதத்தில் வன பர்வத்தைப் புரட்டினேன். அங்கே இந்தக் கதையே வேறு மாதிரி இருக்கிறது. சப்தரிஷிகளின் ஏழு மனைவிகள் மேல் அக்னிக்கு ஆசை வருகிறது. அக்னி மேல் தட்சன் மகள் சுவாகாவுக்கு ஆசை. சுவாகா ஒரு தந்திரம் செய்கிறாள். ரிஷி பத்தினிகளின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அக்னியிடம் போகிறாள். ஆறு பேர் உருவம் எடுக்க முடிகிறது. அருந்ததியின் உருவம் மட்டும் அவளுக்கு வரவில்லை. அப்படிப் பிறந்தவன்தான் ஆறு தலையோடு கந்தன்.

ஊர் பேசுகிறது, அந்த ஆறு பேர்தான் அம்மா என்று. சுவாகா தானே வந்து, இது என் பிள்ளை, அவர்கள் மேல் தப்பு இல்லை என்று சொல்கிறாள். நடந்ததை முழுக்க அறிந்த விசுவாமித்திரரும் ரிஷிகளிடம் போய், உங்கள் மனைவிகள் குற்றமற்றவர்கள் என்று சொல்கிறார். கேட்டுக்கொள்கிறார்கள். கேட்ட பிறகும் ஆறு ரிஷிகளும் மனைவிகளைத் தள்ளிவிடுகிறார்கள். போக இடமில்லாத ஆறு பேரும் கந்தனிடம் வருகிறார்கள். அவன் அவர்களை அம்மா என்று ஏற்றுக்கொண்டு வானத்தில் இடம் கொடுக்கிறான். அதுதான் கார்த்திகை. வசிஷ்டர் பக்கத்தில் மட்டும் மனைவி இருப்பதற்கும், மற்ற ஆறு ரிஷிகள் தனியாக நிற்பதற்கும் காரணம் இதுதான். சதபத பிராமணத்திலும் இதற்கு ஒரு வரி உண்டு: இந்தப் பெண்கள் கிழக்கே உதிக்கிறார்கள், ரிஷிகள் வடக்கே உதிக்கிறார்கள், அதனால் பிரிந்துவிட்டார்கள் என்று. அங்கே கார்த்திகை கிழக்கிலிருந்து விலகுவதே இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் சரியான கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளித்தான் உதிக்கும். பூமியின் அச்சு சுமார் 26,000 வருஷத்துக்கு ஒரு சுற்று மெதுவாகத் தலையைச் சுற்றுவதால் வந்த மாற்றம். யாரோ ஒருவர் பார்த்து வைத்தது சில ஆயிரம் வருஷப் பழசு.

எனக்கு இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் குழப்பம். லீவுக்குப் போனபோது சொல்லிவிட்டேன். மிஷினில் ஜாக்கெட் ஒன்றுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். கதை முடிகிற வரை மிதிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும் நிறுத்தினாள்.

"விசுவாமித்திரர் வந்து சொன்னதுக்குப் பெறகுமா?"

"ஆமா அத்தை."

"அவளும் வந்து ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டா."

கொஞ்ச நேரம் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அப்ப அருந்ததி என்ன பண்ணிக்கிட்டு இருந்தா? கூடவே இருந்தவளுக ஆறு பேரை அனுப்புறாங்க. இவ ஒரு வார்த்தை பேசுனாளா?"

நான் படித்த பகுதியில் அருந்ததி வாயே திறக்கவில்லை. அப்படியே சொன்னேன். அத்தை "ம்" என்றாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

தாலி கட்டிய எல்லாப் பெண்களுக்கும் அருந்ததியைக் காட்டுகிறோம், இவளைப் போல இரு என்று. அந்த ஆறு பேர் செய்த தப்பு என்ன என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் உருவத்தை இன்னொருத்தி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அடையாள அட்டை திருடுபோனவரைப் பிடித்து உள்ளே போட்ட மாதிரி. இதைச் சொன்னால் எங்கள் அப்பத்தாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிசிக்ஸ் படிக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். "வசிஷ்டர் சுமார் 80 ஒளியாண்டு தூரம், கார்த்திகை சுமார் 440. என்னடி சம்பந்தம் ரெண்டுக்கும்?" என்று சிரித்தாள். தூரம் சரிதான். வசிஷ்டரிடமிருந்து இன்று நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம் தாத்தா அரை டவுசரோடு திரிந்த காலத்தில் கிளம்பியது, கார்த்திகை வெளிச்சம் மதுரையை நாயக்கர்கள் ஆண்ட காலத்தில். ஆனால் அவள் பாடப் புத்தகத்திலிருந்தே எனக்கு வேண்டியது கிடைத்தது. கார்த்திகை நட்சத்திரங்கள் நிஜமாகவே கூடப் பிறந்தவர்கள். ஒரே வாயு மேகத்திலிருந்து சுமார் 10 கோடி வருஷம் முன்னால் ஒன்றாகப் பிறந்து, இன்னமும் ஒன்றாகவே போய்க்கொண்டிருக்கிறார்கள். கண்ணுக்கு ஆறு, மொத்தம் ஆயிரத்துக்கும் மேல். சப்தரிஷிகளில் ஐந்து பேர்தான் ஒரே கூட்டம். இரண்டு ஓரத்திலும் இருக்கிற இருவரும் வேறு திசையில் போகிற அந்நியர்கள். அந்த ரிஷிகள் குடும்பத்தை விட இந்தப் பெண்கள் குடும்பம் கெட்டி. வசிஷ்டரும் அருந்ததியும் கூட வெறும் தம்பதி இல்லை. வசிஷ்டர் என்ற புள்ளிக்குள் நாலு நட்சத்திரம் இருக்கிறது. அருந்ததிக்கும் ஒரு துணை உண்டு என்று 2009-இல் கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர் உள்ள வீடு. கூட்டுக் குடும்பம்தான்.

இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். கார்த்திகை தீப சமயத்தில் முடியாத மாதிரி இருக்கும். ஆறு பேரும் பொழுது சாய்ந்ததும் வந்துவிடுவார்கள், ரிஷிகள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். ராத்திரி பதினொரு மணி சுமாருக்கு, இவர்கள் உச்சிக்கு வந்த பிறகுதான் முதல் ரிஷி அடிவானத்தில் தலை காட்டுவார். ஏழு பேரும் மேலே வர விடியற்காலை இரண்டு மணியைத் தாண்டிவிடும். பங்குனி பிறந்ததும் ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மாடிக்குப் போங்கள். மேற்கே கார்த்திகை இறங்கிக்கொண்டிருக்கும், வடகிழக்கே சப்தரிஷிகள் ஏறிக்கொண்டிருப்பார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். நடுவே வானம் பூராவும் இடைவெளி. எங்கள் தெருவில் இப்போது எல்.இ.டி. விளக்கு போட்டுவிட்டார்கள், அதனால் நானும் அத்தையும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கி நின்றுதான் பார்க்கிறோம். அருந்ததி தெரிய என் கண்ணுக்கே கொஞ்சம் நேரமாகிறது. அத்தை பார்த்த உடனே சொல்லிவிடுகிறாள்.

அந்த ஆறு பேருக்குப் பெயர் உண்டா என்று ஒரு தடவை கேட்டாள். யஜுர் வேதத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே ஏழு: அம்பா, துலா, நிதத்னி, அப்ரயந்தி, மேகயந்தி, வர்ஷயந்தி, சுபுணிகா. மேகமும் மழையும் கொண்டுவருகிற பெயர்கள். சுபுணிகாவைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

திருக்கார்த்திகைக்கு வீடு முழுக்க அகல் வைப்போம் இல்லையா, அத்தை இப்போதெல்லாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் கிழக்குப் பக்கமாகத் தனியாக ஆறு வைக்கிறாள். போன வருஷம் நான் எண்ணிப் பார்த்தபோது ஏழு இருந்தது. ஏழாவது மட்டும் தள்ளி, வடக்கு மூலையில்.

"அது யாருக்கு?"

"அருந்ததிக்குத்தான். பாவம், அவ மட்டும் ஏழு ஆம்பளைகளுக்கு நடுவுல ஒத்தையா உக்காந்திருக்கா."